பார்க்கிங்கில் கார் உரசினால்: இன்சூரன்ஸுக்குச் சொல்வதா, பேசித் தீர்ப்பதா?

ஆடி மாதக் கடைசி வெள்ளியன்று சாத்தூர் வழியாகப் போனவர்களுக்கு இருக்கன்குடி சாலை எப்படி இருக்கும் என்று தெரியும். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இடத்தில் உள்ள மாரியம்மன் கோவிலுக்குப் பல மாவட்டங்களிலிருந்து காரும் வேனும் டிராக்டருமாக மக்கள் வந்து இறங்குகிறார்கள். வண்டி நிறுத்துவதற்குக் கோடு போட்ட இடம் எல்லாம் கிடையாது. காலி நிலம், கயிறு கட்டிய வழி, விசில் ஊதும் ஒரு பையன். அவ்வளவுதான் பார்க்கிங். அந்த வண்டிகளை ஓட்டி வருபவர்களில் சாத்தூர், சிவகாசி, விருதுநகர்ப் பக்கத்து நம் சகோதரர்களும் உண்டு. வாடகைக்கு ஆட்களை ஏற்றி வந்துவிட்டு, வண்டியிலேயே சாய்ந்து தூங்கி, லுஹருக்கு எங்காவது ஒதுங்கித் தொழுதுவிட்டு, மாலையில் புழுதிக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்கும். பின் பம்பர் இன்னொரு வண்டியின் கதவில் உரசும் சத்தம்.

கோவில் திருவிழாவில்தான் இது நடக்கும் என்றில்லை. பெருநாள் தொழுகை முடிந்து ஈத்கா மைதானத்திலிருந்து ஒரே நேரத்தில் எல்லா வண்டிகளும் கிளம்பும்போதும், வலீமா மண்டபத்து வாசலிலும், மதுரை ஆஸ்பத்திரிகளின் தரைத்தளத்திலும் இதே கதைதான். இழப்பு பெரும்பாலும் சில ஆயிரம் ரூபாய். ஆனால் அந்தச் சில ஆயிரத்தை வைத்து நடக்கும் வாக்குவாதமும், சொல்லப்படும் பொய்யும், சிலர் சத்தமில்லாமல் நழுவுவதும் சில ஆயிரத்தோடு முடிகிற விஷயம் அல்ல. பிறர் பொருளுக்கு நம்மால் ஏற்பட்ட சேதம் என்பது ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை. அதனால் சட்டம் என்ன சொல்கிறது, பாலிசி என்ன சொல்கிறது, நம் மார்க்கம் எதைக் கேட்கிறது என்ற மூன்றையும் சேர்த்தே பார்த்துவிடுவோம்.

முதலில் ஆட்கள், பிறகு வண்டி

உரசியது வண்டி மட்டும்தானா, ஆள் யாருக்காவது பட்டிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. திருவிழா மைதானத்தில் வண்டி நிழலில் வயதானவர்கள் படுத்திருப்பார்கள், பிள்ளைகள் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஓடுவார்கள். சிறு சிராய்ப்பு என்றாலும் விஷயம் மாறிவிடுகிறது. 108-ஐ அழைக்க வேண்டும், காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். "ஒண்ணுமில்லண்ணே, போங்க" என்று அவரே சொன்னாலும் போய்விடக் கூடாது. மறுநாள் வீங்கிய காலோடு அவர் புகார் கொடுத்தால் நீங்கள் விபத்து செய்துவிட்டு ஓடியவர் ஆகிவிடுவீர்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 134-ஆவது பிரிவு பலருக்குத் தெரியாது. ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலோ, மூன்றாம் நபரின் சொத்துக்குச் சேதம் ஏற்பட்டாலோ, போலீஸார் அங்கே இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. சொத்துச் சேதமும் அதில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கதவில் விழுந்த கீறலுக்காக யாரும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை என்பது நடைமுறை. ஆனால் எதிர்த் தரப்பு தகராறு செய்தாலோ, சேதம் பெரிதாக இருந்தாலோ, போய் ஒரு மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்வது நமக்குத்தான் பாதுகாப்பு. சொந்த வண்டிச் சேதத்துக்கான சிறிய கிளைமுக்கு எஃப்.ஐ.ஆர். பொதுவாகக் கேட்கப்படுவதில்லை. ஆள் காயம், வண்டித் திருட்டு போன்றவற்றுக்குத்தான் அது அவசியம் ஆகிறது.

"இது ரோடு இல்லையே, தனியார் நிலம்தானே, சட்டம் எப்படி வரும்?" என்று சிலர் கேட்பார்கள். சட்டத்தின் 2-ஆவது பிரிவு பொது இடம் என்பதற்கு, மக்கள் வந்துபோக உரிமை உள்ள எந்த இடமும் என்று பொருள் சொல்கிறது. அது போக்குவரத்துப் பாதையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீதிமன்றங்களும் இதை விரிவாகவே எடுத்து வந்திருக்கின்றன. திருவிழா மைதானமும் மண்டபத்து வாசலும் தப்பிக்கும் இடங்கள் அல்ல.

வண்டியை நகர்த்துவதற்கு முன் போனில் படம் எடுங்கள். பலர் கீறலை மட்டும் பக்கத்தில் போய் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அதைப் பார்த்து எந்த வண்டி, எந்தப் பக்கம், எப்படி இடித்தது என்று ஒன்றும் புரியாது. கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு நம்பர் பிளேட்டும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். சக்கரம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது தெரிந்தால் யார் நகர்ந்தார், யார் நின்றார் என்ற வாக்குவாதமே வராது. எதிர் வண்டியின் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்பதை எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டே பார்க்கலாம்.

ஆள் இல்லாத வண்டியை இடித்தால்

பார்க்கிங் விபத்தின் உண்மையான சோதனை இதுதான். இடித்துவிட்டீர்கள். யாரும் பார்க்கவில்லை. வண்டிக்காரர் சாமி கும்பிடப் போயிருக்கிறார். விசில் ஊதும் பையன் அடுத்த வரிசையில் நிற்கிறான்.

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்வு ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் மனைவியரில் ஒருவரின் வீட்டில் இருந்தபோது, இன்னொரு மனைவி ஒரு பாத்திரத்தில் உணவு கொடுத்தனுப்பினார். வீட்டிலிருந்தவர் ரோஷத்தில் அதைத் தட்டிவிட, பாத்திரம் உடைந்தது. நபியவர்கள் துண்டுகளைச் சேர்த்து, சிந்திய உணவை எடுத்து வைத்து, கொண்டுவந்த பணியாளரைக் காத்திருக்கச் சொன்னார்கள். உடைத்தவரின் வீட்டிலிருந்து நல்ல பாத்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தனுப்பி, உடைந்ததை அந்த வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். ஃபிக்ஹு நூல்களில் தமான் என்னும் இழப்பீட்டுப் பொறுப்பைப் பேசும் இடத்தில் இந்நிகழ்வு எடுத்துக்காட்டப்படுகிறது. நல்ல பாத்திரத்துக்கு நல்ல பாத்திரம் என்பதுதான் அளவு. இதை நினைவில் வையுங்கள், இன்சூரன்ஸ் கணக்குக்கு வரும்போது மறுபடி தேவைப்படும்.

ஆகவே, ஆள் இல்லையென்றால் பெயர், போன் நம்பர், உங்கள் வண்டி எண், நடந்தது என்ன என்று நாலு வரி எழுதி வைப்பரில் செருகிவிட்டு, அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டோக்கன் கொடுத்தவரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். திருவிழா என்றால் பெரும்பாலும் ஒலிபெருக்கி இருக்கும், வண்டி எண்ணைச் சொல்லி அழைக்கச் சொல்லலாம்.

டோக்கன் என்றதும் இன்னொன்று. அதன் பின்பக்கம் "வாகனச் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருப்பார்கள். (அந்த டோக்கனும் சிவகாசியில் அச்சானதாகவே இருக்கலாம்.) சாவியை நீங்களே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் பயன்படுத்தினால் அந்த வரிக்குக் கொஞ்சம் பலம் உண்டு. சாவியை வாங்கி அவர்களே வண்டியை எடுத்து நிறுத்தினால் நிலைமை வேறு. தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம், வாலே பார்க்கிங்கில் வண்டியை ஒப்படைத்த பிறகு தன் ஊழியர்களின் அலட்சியத்துக்கு அந்த ஒரு வரியைக் காட்டி ஹோட்டல் விலகிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒப்படைக்கப்பட்ட பொருள் அமானிதம் என்பது நமக்குப் புதிய கருத்து இல்லை.

உங்கள் பாலிசியில் என்ன இருக்கிறது?

கார் இன்சூரன்ஸில் இரண்டு பகுதிகள். ஒன்று மூன்றாம் நபர் காப்பீடு. இது சட்டப்படி கட்டாயம், இல்லாமல் ஓட்டினால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், சொத்துச் சேதம் ஆகியவற்றுக்கானது. இன்னொன்று சொந்தச் சேதம், பேச்சு வழக்கில் 'ஓ.டி.'. நம் வண்டியின் பம்பருக்கும் கதவுக்கும் பணம் தருவது இதுதான். இரண்டும் சேர்ந்ததைத்தான் ஃபுல் கவர் என்கிறோம்.

நம் வீடுகளில் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுப்பவர்கள் கணிசமாக இருக்கிறார்கள். சிலர் செலவைக் கருதி, சிலர் மார்க்கத்தைக் கருதி. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீடு கூடாது, கூட்டுறவு முறையிலான காப்பீடே மாற்று வழி என்று தீர்மானித்தது. மலேசியாவில் 1984-லேயே தகாஃபுல் சட்டம் வந்துவிட்டது. இலங்கையிலும் தகாஃபுல் முறை நிறுவனம் செயல்பட்டு வருகிறது. நம் நாட்டில் கார் வைத்திருப்பவருக்கு அப்படி எளிய வழி இல்லை. சட்டம் கட்டாயப்படுத்துவதை நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் எடுக்கலாம் என்பது ஆலிம்கள் பலரின் நிலைப்பாடு. அதற்கு மேல் எடுக்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. இந்தக் கட்டுரை ஃபத்வா அல்ல, உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுடைய அக்கறை ஒன்றுதான்: எதை எடுத்திருக்கிறோம் என்று தெரியாமலே ஓட்டக் கூடாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ளவர் தன் வண்டிக்குக் கம்பெனியிடமிருந்து ஒரு ரூபாயும் பெற முடியாது.

அப்படியானால் இடித்தவரின் மூன்றாம் நபர் காப்பீட்டிலிருந்து நம் கதவுக்குப் பணம் வாங்க முடியாதா? முடியும். தனியார் கார் பாலிசியில் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு வழக்கமாக 7.5 லட்சம் ரூபாய் வரை இடம் உண்டு. பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், பாலிசித் தாளில் பார்க்கலாம். ஆனால் அந்தப் பணம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் வழியாக வர வேண்டும். மனு போடச் சட்டம் இப்போது 6 மாத வரம்பு வைக்கிறது. நம் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ஒரு பம்பருக்காக யார் வாய்தா வாய்தாவாக அலைவார்? அதனால்தான் நம் ஊரில் அவரவர் வண்டியை அவரவர் ஓ.டி.யில் போட்டுக்கொள்கிறார்கள், அல்லது கையில் காசு கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

கிளைம் போடுவது லாபமா? ஒரு கணக்கு

கிளைம் போடாத ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓ.டி. பிரீமியத்தில் தள்ளுபடி கிடைக்கிறது. அதுதான் நோ கிளைம் போனஸ். முதல் ஆண்டு முடிவில் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50. ஒரே ஒரு ஓ.டி. கிளைம் வாங்கினால் அடுத்த ஆண்டு பூஜ்யம், மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

ஐந்தாவது ஆண்டில் ஓடும் ஒரு சிறிய கார். இதுவரை கிளைம் இல்லை, இப்போது 45 சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறது. தள்ளுபடிக்கு முந்தைய ஓ.டி. பிரீமியம் 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பின் பம்பர் உடைந்துவிட்டது. புது பம்பர் 6,000, பெயின்டிங் 4,000, கூலி 1,500, மொத்தம் 11,500 ரூபாய்.

கம்பெனி இதை முழுதாகத் தராது. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம். ஆக பம்பரில் 3,000 கழியும். பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். அது 500. இதற்கு மேல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு ஒவ்வொரு கிளைமிலும் நாம் கட்டாயமாக ஏற்க வேண்டிய தொகை 1,000. எல்லாம் போக கையில் வருவது 7,000 ரூபாய்.

இப்போது போனதைப் பார்ப்போம். கிளைம் போடாமலிருந்தால் அடுத்த ஆண்டு முதல் 50 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 4,500 தள்ளுபடி. போட்டுவிட்டால் அடுத்த ஆண்டு பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45 என்று ஏறும். வித்தியாசம் முதல் ஆண்டு 4,500, இரண்டாம் ஆண்டு 2,700, பிறகு 2,250, 1,350, 450. கூட்டினால் 11,250 ரூபாய். பிரீமியம் ஆண்டுதோறும் குறையும் என்பதால் உண்மைத் தொகை சற்றுக் குறையலாம், ஆனாலும் 7,000 வாங்க அதைவிட அதிகம் கொடுத்திருப்போம். கதவும் பில்லரும் நசுங்கி 40,000 ஆகிறது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும், அப்போது தயங்காமல் போடலாம். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப், போனஸ் பாதுகாப்பு போன்ற கூடுதல் கவர்கள் வாங்கியிருந்தாலும் கணக்கு மாறும். ஒர்க்‌ஷாப்காரர் "இன்சூரன்ஸ்ல போட்டுடலாம் பாய்" என்று உற்சாகமாகச் சொல்வார். அவருக்கு எப்படியும் பில் முழுதாக வந்துவிடும், போனஸ் போவது உங்களுக்கு.

இந்தக் கணக்கில் நாம் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. தவறு யாருடையது என்பதை நோ கிளைம் போனஸ் பார்ப்பதில்லை. ஒழுங்காக நிறுத்தியிருந்த வண்டியை இன்னொருவர் இடித்தாலும், வண்டிக்காரர் தன் ஓ.டி.யில் கிளைம் வாங்கினால் அவருடைய போனஸ்தான் போகும். ஆகவே நாம் இடித்துவிட்டு, அவர் "பரவாயில்ல, நான் என் இன்சூரன்ஸ்லயே போட்டுக்கறேன்" என்று சொன்னதும், கடன் தீர்ந்தது என்று கிளம்பிவிடக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அந்த மனிதர் பில்லில் மட்டும் 4,500 ரூபாய் கையை விட்டுப் போடுகிறார், போனஸ் தனி. நல்ல பாத்திரத்துக்குப் பாதிப் பாத்திரம்தான் அவர் கைக்கு வந்திருக்கிறது. மீதியை நாம் தர வேண்டும், அல்லது நிலைமையை விளக்கிச் சொன்ன பிறகு அவர் மனமுவந்து விட்டுக்கொடுத்திருக்க வேண்டும். இதன் மறுபக்கமும் உண்டு. இடித்தவரிடம் முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, அதே பில்லைக் கம்பெனியிடமும் காட்டிப் பணம் பெறுவது சட்டப்படியும் தவறு, அந்தப் பணம் ஹலாலும் அல்ல.

கம்பெனிக்குச் சொல்லும்போது

கிளைம் போடுவது என்று முடிவானால் அன்றே சொல்லுங்கள். பாலிசியின் முதல் நிபந்தனையே விபத்து நடந்தவுடன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பதுதான். ஏஜென்ட் அண்ணனிடம் போனில் சொன்னது அறிவிப்பு ஆகாது. கம்பெனியின் இலவச எண், செயலி, மின்னஞ்சல் இவற்றில் ஒன்றில் பதிவு செய்து கிளைம் எண் வாங்க வேண்டும். சர்வேயர் பார்க்கும் வரை, அல்லது படங்களை வைத்துக் கம்பெனி ஒப்புதல் தரும் வரை, டிங்கரிங் கடையில் கை வைக்க விடாதீர்கள். உடைந்த பாகத்தையும் தூக்கிப் போட வேண்டாம்.

திருவிழாக் கூட்டத்தில் சிக்னல் கிடைக்கவில்லை, வீட்டில் மய்யித் ஆகிவிட்டது என்று நியாயமான காரணத்தால் தாமதமானால் நம்பிக்கை இழக்க வேண்டாம். தாமதம் ஒன்றையே காரணம் காட்டி உண்மையான கிளைம்களை இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2011 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஓம் பிரகாஷ் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. தாமதத்தின் காரணத்தை எழுதிக் கொடுங்கள்.

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கு இங்குள்ள முறை குழப்பமாக இருக்கும். அமீரகத்தில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் ஒர்க்‌ஷாப் கீறலைக் கூடத் தொடாது. சவூதியில் நஜ்ம் ஆட்கள் வந்து யார் மீது எவ்வளவு தவறு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் 2008 முதல், சேதம் எவ்வளவு சிறியதானாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் தன் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் போனஸுக்கே ஆபத்து. இங்கே கிளைம் போடாத சிறு கீறலைத் தேடி யாரும் வருவதில்லை. ஆனால் எதிர்த் தரப்பு பின்னால் பிரச்சினை செய்யக்கூடும் என்று தோன்றினால், கிளைம் கேட்காமல் தகவல் மட்டும் தெரிவிக்கிறோம் என்று கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வைப்பது நல்லது. பணம் பெறாத தகவலால் போனஸ் பொதுவாகப் போகாது. கிளைமாகப் பதிவாகிவிட்டால் அதை முடித்ததற்கு எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

படிவத்தில் எழுதும் ஒவ்வொரு வரியும் சாட்சியம். அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆவது வசனம் நமக்கே எதிராக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லப் பணிக்கிறது. அந்த வசனத்தின் கனம் இது மாதிரிப் படிவங்களில்தான் தெரியும். ஏனென்றால் நம் பகுதியில் வழக்கமாக நடக்கும் பொய்கள் எவை என்று எல்லோருக்கும் தெரியும்.

முதலாவது, ஓட்டியவரை மாற்றுவது. "ரிவர்ஸ் மட்டும் எடுத்துப் போடுடா" என்று பதினாறு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுப்பது பார்க்கிங்கில்தான் அதிகம். அவன் இடித்ததும் வாப்பா ஓட்டியதாகப் படிவம் நிரப்பப்படும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தால் ஓ.டி. கிளைம் கிடையாது. சிறுவன் ஓட்டியது தெரிந்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் வரலாம். வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தாகும், பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. இதை மறைக்கச் சொல்லும் பொய் கம்பெனிக்குத் தெரியாமல் போகலாம். பக்கத்தில் நின்று அதைப் பார்த்த பையன் ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பான்.

இரண்டாவது, ஓன் போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றுவது. தனியார் கார் பாலிசி வாடகைப் பயன்பாட்டை வெளிப்படையாகவே விலக்குகிறது. இருக்கன்குடிக்கு ஒரு நாள் வாடகை பேசி ஆள் ஏற்றிப் போய்விட்டு, சொந்தக்காரர்கள் என்று எழுதினால், சர்வேயர் விசாரித்தால் வெளிவந்துவிடும். டி போர்டு வண்டிக்கு உரிய பெர்மிட்டும் பாலிசியும் இதற்காகத்தான் இருக்கின்றன. சிவகாசிப் பக்கத்தார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சொந்த லக்கேஜும் மாதிரிச் சரக்கும் தவிர, சரக்கு ஏற்றுவதும் தனியார் கார் பாலிசியில் விலக்கப்பட்டிருக்கிறது. டிக்கி நிறைய பட்டாசுப் பெட்டியோ காலண்டர்க் கட்டோ இருக்கும்போது இடிபட்டால் கேள்வி வரும். பட்டாசு என்றால் கேள்வியோடு நிற்காது.

மூன்றாவது, பழைய கீறலைப் புது விபத்தில் சேர்ப்பது. போன வருடம் தூணில் உரசியதையும் சேர்த்து எழுதச் சொல்பவர் பெரும்பாலும் ஒர்க்‌ஷாப்காரர்தான். கையெழுத்துப் போடுவது நாம். இதே வகையில் சேர்ந்தது, புதுப்பிக்கும்போது கம்பெனி மாறி, வாங்கிய கிளைமை மறைத்து போனஸ் கேட்பது. பழைய கம்பெனியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டால் அடுத்த பெரிய விபத்தில் பாலிசியே கை கொடுக்காமல் போகலாம்.

கையில் காசு கொடுத்துத் தீர்ப்பதானால்

பாலிசியின் இன்னொரு நிபந்தனை நம்மில் பலருக்கு உறுத்தலாக இருக்கும். கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்கிறது அது. அப்படியானால் உண்மையை மறைக்கச் சொல்கிறார்களா? இல்லை. "நான் பின்னால் எடுக்கும்போது உங்கள் கதவில் பட்டுவிட்டது" என்று நடந்ததைச் சொல்வது வேறு. "எவ்வளவு ஆனாலும் என் கம்பெனி தரும்" என்று எழுதிக் கொடுப்பது வேறு. முதலாவதை எந்தப் பாலிசியும் தடுக்க முடியாது. இரண்டாவது, நம்முடையது அல்லாத பணத்தின் மீது நாம் கொடுக்கும் வாக்கு. சொந்தக் காசில் தீர்ப்பதானால், அதைப் பிறகு கம்பெனியிடம் கேட்பதில்லை என்ற முடிவோடு தீர்க்க வேண்டும்.

மைதானத்திலேயே குத்துமதிப்பாக ஒரு தொகை பேசுவதைவிட, இருவரும் ஒத்துக்கொண்ட கடையில் மதிப்பீடு வாங்குவது மேல். ஆள் காயம் இருந்தால் இந்த வழி வேண்டாம், முறைப்படியே போங்கள். வண்டிச் சேதம் மட்டும் என்றால் ஒரு தாள் போதும்: தேதி, இடம், இரண்டு வண்டி எண்கள், எந்தப் பாகம், எவ்வளவு தொகை, இத்துடன் இந்தச் சேதம் தொடர்பாக வேறு கோரிக்கை இல்லை என்ற வரி, இருவர் கையெழுத்து, சாட்சிகள். கடனை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282-ஆவது வசனத்தை ஓதும் நாம் இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பணத்தைக் கூகுள் பேயில் அனுப்பினால் குறிப்பில் வண்டி எண்ணையும் போடுங்கள். தவணையாகத் தருவதாகச் சொன்னால் தேதியையும் எழுதுங்கள். எதிர்த் தரப்பு வேறு சமயத்தவர், கூட்டம் கூடிவிட்டது, குரல் உயர்கிறது என்றால் விவாதத்தை அங்கேயே நிறுத்திவிட்டு இருக்கன்குடி காவல் நிலையத்துக்கோ திருவிழாவுக்கு அமைத்திருக்கும் புறக்காவல் பந்தலுக்கோ இருவரும் போய்விடுவதே நல்லது. கீறல் கீறலாகவே இருக்கும்.

கம்பெனி மறுத்தால்

மறுப்பை எழுத்தில், பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று கேட்டு வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டு ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டியதில்லை, 50 லட்சம் ரூபாய் வரையான விவகாரங்களை அவர் விசாரிப்பார். உங்கள் சொந்தக் கம்பெனி மீதான புகாருக்குத்தான் இந்த வழி. இடித்தவரின் கம்பெனி மீதான மூன்றாம் நபர் கோரிக்கை தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். ஓம்புட்ஸ்மேனிடம் அனுப்பும்போது பாலிசித் தாள், கிளைம் எண், மறுப்புக் கடிதம், வண்டியை நகர்த்துவதற்கு முன் எடுத்த படங்கள் ஆகியவற்றின் நகலை மட்டும் அனுப்பிவிட்டு, மூலத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.